காலுக்கும் நினைவு உண்டு

'தடுமாற்றம்' என்னும் தமிழ்ச் சொல் ஈரிடத்து வழங்குவது. நடக்கையில் கால் நிலை பிறழ்ந்தால் அதுவும் தடுமாற்றம். எண்ணுகையில் அறிவு நிலை பிறழ்ந்தால் அதுவும் தடுமாற்றம். யாழ்ப்பாணத் தமிழர், முதுமையில் அறிவு கலங்கியவரை 'அறளை பெயர்ந்தவர்' என்பர். பெயர்தல் என்பது இடம்விட்டு நகர்தல். அடி பெயர்த்து வைத்தல் என்று காலுக்கு வழங்கும் வினையே அங்கு அறிவுக்கும் வந்தது. காலின் தளர்ச்சியையும் அறிவின் தளர்ச்சியையும் ஒரே சொல்லால் சுட்டிய மக்கள், அவ்விரண்டையும் ஒரே முதியவரிடத்தில் ஒருங்கே கண்டவர்களாக இருத்தல் வேண்டும்.

மருத்துவமோ இவ்விரண்டையும் நெடுங்காலம் வேறு வேறாகவே வைத்திருந்தது. விழுந்து எலும்பு முறிந்தவர் எலும்பு மருத்துவரிடம் சென்றார். மறதி மிக்கவர் மனநோய் மருத்துவரிடம் சென்றார். அல்லது எங்கும் செல்லாமல் வீட்டின் ஒரு மூலையில் கிடந்தார். 'டிமென்ஷியா' என வழங்கும் முதுமை மறதி நோய் உடையவர், அந்நோய் இல்லாத முதியவரினும் ஏறத்தாழ இருமடங்கு விழுகின்றனர் என்பது பிற்காலத்தே கணக்கிட்டு அறியப்பட்டது. அவ்வீழ்ச்சியை உடற்பயிற்சியால் தடுக்க இயலுமா என்னும் வினா அதற்கும் பின்னரே எழுந்தது. அவ்வினாவின் வரலாற்றில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வீட்டில் இருக்கும் முதியவருக்குச் செய்யவேண்டியது இன்னதென விளங்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கணக்கு

இவ்வரலாறு மலேசியத் தமிழர்க்கு அயலாரின் கதையன்று. 2013 இல் மலாயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், பெட்டாலிங் ஜெயாவிலும் கோலாலம்பூரின் லெம்பா பந்தாயிலும் வாழும் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வொன்றைத் தொடங்கினர். 'மெலோர்' என்பது அதன் சுருக்கப் பெயர். முந்திய ஓராண்டில் விழுந்தவர் எத்தனை பேர் என்னும் கணக்கு 2018 இல் வெளிவந்தது. மலாய்க்காரரில் நூற்றுக்கு 16.2 பேர்; சீனரில் 19.4 பேர், இந்தியரில் 23.8 பேர்.

வயது, பால், மணநிலை, கல்வி ஆகியவற்றால் வரும் வேறுபாட்டைக் கழித்துப் பார்த்த பின்னும் இந்தியர்க்கு உள்ள இடர் குறையவில்லை, மற்றவரினும் 1.45 மடங்காகவே நின்றது. மலேசிய இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர் என்பதை எண்ணினால், இக்கணக்கு யாரைப் பற்றியது என்பது சொல்லாமலே விளங்கும்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை வேறு இரண்டு. 2018 இல் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு, 60 வயதைக் கடந்த மலேசியரில் நூற்றுக்கு 8.5 பேரிடம் மறதி நோய்க்குரிய அறிகுறிகள் இருப்பதாகக் கண்டது. 2019 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போ, வளர்ந்த இந்தியரில் நூற்றுக்கு 31.4 பேரிடம் நீரிழிவு உண்டென்றது. மற்ற இனத்தார் எவரிடமும் அவ்வளவு இல்லை. நீரிழிவு முற்றினால் பாதத்தின் உணர்ச்சி மழுங்கும், கண் மங்கும், மூளைக்குக் குருதி செல்லும் நுண்குழல்கள் கெடும். தரையை அறியாத பாதமும், படியைக் காணாத கண்ணும், போன வழியை மறந்த மூளையும் ஒருவரிடத்தில் கூடினால் விழுதல் எளிது.

தோட்டத்தில் முதியோர் அரியர்

மறதி நோயுற்ற முதியவரை அடுக்குமாடி வீட்டில் வைத்துப் பேணும் வழக்கம் இச்சமுதாயத்துக்கு மரபாக வந்ததன்று. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கங்காணி முறையில் மலாயாவுக்கு வந்த தொழிலாளர் பெரும்பாலும் இளையோர். உடல் தளர்ந்து உழைக்க இயலாதவர் பலர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1930 களின் பொருளாதார வீழ்ச்சியில் உழைக்கும் ஆற்றல் உடையவரும் ஆயிரக்கணக்கில் அவ்வாறே அனுப்பப்பட்டனர். லயத்து வீடுகளில் தாத்தாவும் பாட்டியும் நெடுநாள் இருந்து மூத்த குடும்பங்கள் அக்காலத்தில் மிகுதியல்ல. 1957 இல் மலாயாவில் பிறந்த ஆண் குழந்தையின் எதிர்பார்ப்பு வாழ்நாள் 56 ஆண்டு அளவினது. பெண் குழந்தைக்கு 58. இன்று மலேசியரின் வாழ்நாள் இரு பாலார்க்கும் 70 ஐக் கடந்து நிற்கிறது.

வாழ்நாள் நீண்டபோது வாழுமிடமும் மாறியது. தோட்டத்துத் தொழிலாளியின் நாள், விடியுமுன் பெரட்டுக்குச் செல்வதில் தொடங்கியது. மேடும் பள்ளமும் வேர்முண்டும் நிறைந்த நிலத்தில் சில நூறு மரங்களுக்கு நடந்து, ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து நிமிர்ந்து, பால் நிறைந்த வாளிகளைச் சுமந்து திரும்பிய உடல் அது. பயிற்சி என்று பெயரிடாமலே அது பயிற்சி பெற்றது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்க்கும் வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் நடையே வழி. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டு மனைகளாயின. மக்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் கோலாலம்பூருக்கும் அடுக்குமாடிகளைத் தேடிவந்தனர். பிரிக்பீல்ட்ஸின் 'ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்னும் நூறு குடியிருப்புகளும் இடிக்கப்பட்டு மறைந்தன. காடு மேடெல்லாம் நடந்த கால்கள் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இடையே அடங்கின.

இந்நிலையில் முதியவரிடம் மறதியும் தோன்றுமானால், வீட்டார் சொல்லும் அன்பு மொழி ஒன்றே: "நீங்க பேசாம உட்காருங்கம்மா, எழுந்திருக்காதீங்க." விழுந்துவிடக்கூடாதே என்னும் அச்சத்தில் பிறந்த சொல் அது. அச்சொல் நன்மை செய்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

விழுதல் விதியன்று

முதியோர் விழுவது மூப்பின் இயல்பு, அதற்குக் காரணம் தேட வேண்டுவதில்லை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகர மருத்துவர் ஜே. எச். ஷெல்டன், 202 முதியவர்க்கு நேர்ந்த 500 வீழ்ச்சிகளை ஒவ்வொன்றாக வினவி, 1960 இல் கட்டுரை ஒன்று வெளியிட்டார். செடி கொடிகளின் இயல்பை ஆராய்வோர் போல, வீழ்ச்சியின் இயல்பை அவர் வகைப்படுத்தினார். மாடிப்படியில் தவறியவை, இருட்டில் இடறியவை, தலை சுற்றி விழுந்தவை, யாதொரு முன்னறிவிப்பும் இன்றிக் கால் மடிந்து விழுந்தவை எனப் பல வகை புலப்பட்டன. வகை உண்டென்றால் காரணம் உண்டு. காரணம் உண்டென்றால் தடுக்கும் வழியும் இருக்கலாம் என்னும் எண்ணம் அதனால் பிறந்தது.

1988 இல் அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டி, வீட்டில் வாழும் 75 வயதுக்கு மேற்பட்ட 336 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார். நூற்றுக்கு 32 பேர் ஒருமுறையேனும் விழுந்தனர். உறக்க மாத்திரை, கால் வலுவின்மை, நடைத் தளர்ச்சி, பாதக் கோளாறு ஆகியவற்றுடன் அறிவுத் தளர்ச்சியும் வலிய காரணமாக நின்றது. இத்தகைய காரணங்கள் ஒருவரிடத்தில் எத்துணை கூடுகின்றனவோ அத்துணை விழும் இடரும் ஏறியது. தமிழ்ச் சொல் முன்பே இணைத்து வைத்திருந்த காலும் அறிவும் மருத்துவக் கணக்கில் அருகருகே வந்தன.

கட்டிலும் கட்டும்

விழாமல் காக்க முதலில் கையாண்ட வழி படுக்கையில் இருத்துவது. அதன் தீமையை இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947 இலேயே எடுத்துரைத்தார். படுக்கையே பல நோய்க்குத் தாய் என்பது அவர் கட்டுரையின் கருத்து. 1966 இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் கட்டிலில் கிடத்தி ஆராய்ந்தனர். அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்து மீண்டும் ஆராய்ந்தபோது வியப்பான முடிபு கிட்டியது. முப்பது ஆண்டு மூப்பு அவர்தம் உடலுழைப்பு ஆற்றலைக் குறைத்த அளவினும் மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவு பெரிது. இருபது வயதினர்க்கே இந்நிலை எனில், எண்பது வயதினரைக் கட்டிலில் இருத்துவது எத்தகையது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அடுத்த வழி, முதியோர் இல்லங்களில் மறதியுற்றோரை நாற்காலியோடும் கட்டிலோடும் பட்டையால் கட்டி வைப்பது. அமெரிக்காவில் அது பெருவழக்காக இருந்தது. டினெட்டியும் உடனாய்வாளரும் 1992 இல் அதன் பயனை ஆராய்ந்தனர். கட்டப்படாதவரில் நூற்றுக்கு 5 பேர் விழுந்து கடுங்காயம் உற்றனர். கட்டப்பட்டவரில் 17 பேர் அவ்வாறு உற்றனர். கட்டப்பட்டவரின் உடல்நிலை வேறுபட்டிருந்ததைக் கணக்கில் கொண்ட பின்னும், கட்டு அவர்களைக் காத்தது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. அசையாத தசை மெலிகின்றது. மெலிந்த கால் ஒருநாள் எழ முயல்கையில் தாங்குவதில்லை. மறதியுற்றவரோ தமக்குக் கால் தாங்காது என்பதையும் மறந்து எழுகின்றார். 'உட்காருங்கள்' என்னும் அன்பு மொழியும் பட்டையில்லாத கட்டே.

தொண்ணூறிலும் தசை வளரும்

முதியவரின் தசை மெலிந்தால் மெலிந்ததுதான், மீளாது என்னும் கருத்தை மாற்றியது 1990 இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மருத்துவர் மரியா ஃபியட்டரோன் எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தார். அவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. 1996 இல் அட்லாண்டா நகரில் 70 வயது கடந்த 200 பேரிடம் நடந்த ஆய்வில், சீனரின் தாய்ச்சிப் பயிற்சி பலமுறை விழும் இடரை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. கோலாலம்பூர்ப் பூங்காக்களில் விடியற்காலையில் சீன முதியோர் மெல்லச் செய்யும் அந்த அசைவுகளுக்கு அளவெடுத்த சான்று அவ்வாறு கிட்டியது.

அடுத்த ஆண்டே நியூசிலாந்தின் டனீடின் நகரிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. மருத்துவர் ஜான் கேம்பெலும் துணைவரும் 80 வயது கடந்த 233 பெண்களிடம் ஆராய்ந்தனர். வீட்டிலேயே செய்யும் எளிய கால் பயிற்சியும் நிலைப் பயிற்சியும் கற்றவர், கல்லாதவரைவிடக் குறைவாக விழுந்தனர். அது பிறந்த மாநிலத்தின் பெயரால் 'ஒட்டாகோ' முறை என்று இன்றும் வழங்குகின்றது. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், முழங்காலைச் சிறிது மடக்கி நிமிர்தல், குதிகாலை உயர்த்துதல், பக்கவாட்டில் நடத்தல், ஒரு பாதத்தின் விரலை மற்றப் பாதத்தின் குதிகால் தொடும்படி அடி வைத்தல் ஆகியவை அதன் கூறுகள். கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டுவதில்லை. கணுக்காலில் கட்டும் சிறு எடையும் பிடித்துக்கொள்ள ஒரு மேசையும் போதும்.

பேசினால் நின்றுவிடும் நடை

அதே 1997 இல் சுவீடனின் உமியோ நகரில் லில்லிமோர் லுண்டின்-ஓல்சன் என்னும் ஆராய்ச்சியாளர் மிக எளிய சோதனை ஒன்று செய்தார். முதியோர் இல்லத்தில் வாழும் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். 12 பேர் விடை சொல்வதற்காக நடையை நிறுத்திவிட்டனர். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பன்னிருவரில் பதின்மர் விழுந்தனர்.

நடை காலின் செயல் மட்டுமன்று என்பதை இச்சோதனை காட்டியது. இளையவர்க்கு நடை தானே நிகழ்வது போலத் தோன்றும். மூளை தளர்ந்தவர்க்கோ ஒவ்வோர் அடியும் கவனத்தை விலையாகக் கேட்கின்றது. பேச்சுக்குக் கவனம் சென்றால் நடைக்கு மிஞ்சுவதில்லை. மறதி நோயுற்ற தாயைப் படியில் இறக்கிக்கொண்டே, 'மாத்திரை சாப்பிட்டீர்களா, கதவைச் சாத்தினீர்களா' என்று கேட்கும் பிள்ளை, அறியாமலே அவர் அடியைத் தடுமாறச் செய்கின்றார்.

மறதியுற்றோரிடம் கண்ட முடிபுகள்

இவ்வளவும் தெரிந்த பின், மறதியுற்றோர்க்கும் இதே வழி பயன்படும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால், வீழ்ச்சித் தடுப்பு ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் மறதியுற்றோர் சேர்க்கப்படவே இல்லை. சொன்னதை நினைவில் கொள்ளார், ஆகவே ஆய்வுக்கு ஆகார் என்று விலக்கப்பட்டனர். அவர்களையே எடுத்துக்கொண்ட முதல் பெரிய ஆய்வுகளுள் ஒன்று 2003 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலிருந்து வந்தது. விழுந்து மருத்துவமனைக்கு வந்த, அறிவுத் தளர்ச்சியுள்ள 274 பேர்க்குப் பயிற்சி, மருந்துத் திருத்தம், வீட்டுச் சீரமைப்பு எனப் பலவும் செய்து பார்த்தனர். அடுத்த ஓராண்டில் அவை பெற்றவரில் நூற்றுக்கு 74 பேர் விழுந்தனர். பெறாதவரில் 80 பேர் விழுந்தனர். சிறு வேறுபாடுதான், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே முடிபு.

நம்பிக்கை தந்தது 2013 இல் வெளிவந்த ஹெல்சிங்கி ஆய்வு. பின்லாந்து மருத்துவர் கைசு பிட்காலாவும் துணைவரும், அல்சைமர் நோயுற்று, கணவரோடோ மனைவியோடோ வீட்டில் வாழும் 210 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்தார்க்கு வாரம் இருமுறை பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து ஓராண்டு பயிற்சி அளித்தார். மற்றொரு கூட்டத்தார் பகல் நிலையம் சென்று குழுவாகப் பயின்றனர். மூன்றாம் கூட்டத்தார் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றனர். பயிற்சி பெற்ற இரு கூட்டத்தாரும் மூன்றாம் கூட்டத்தாரினும் குறைவாக விழுந்தனர். அன்றாடச் செயல்களில் வரும் தளர்ச்சி, வீட்டில் பயிற்சி பெற்றவர்க்கு மெல்லவே வந்தது.

அதன்பின் வந்தவை மீண்டும் எச்சரிக்கை செய்தன. இங்கிலாந்தில் 494 பேரிடம் நடந்து 2018 இல் வெளிவந்த ஆய்வில், கடும் பயிற்சி உடல் வலிமையைப் பெருக்கியது. மறதியின் வேகத்தையோ குறைக்கவில்லை. 2021 இல் சிட்னியில் 309 பேரிடம் வீட்டுப் பயிற்சியும் வீட்டுச் சீரமைப்பும் செய்து பார்த்ததில், வீழ்ச்சிகள் தெளிவாகக் குறையவில்லை. 2023 இல் நாட்டிங்காம் ஆராய்ச்சியாளர் 365 பேரிடம் கண்டதும் ஏமாற்றமே. ஓராண்டுப் பயிற்சியால் அன்றாடச் செயல் திறன் உயரவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இத்தகைய முயற்சி நடந்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் முன்பே விழுந்த 268 முதியவரிடம் ஒட்டாகோ முறையைத் திருத்தியமைத்துப் பயிற்சி அளித்து, கண்ணும் நெஞ்சும் மருந்தும் வீடும் ஆராய்ந்து வேண்டுவன செய்தனர். 'மைஃபெய்ட்' என்னும் அந்த ஆய்வின் முடிபு 2018 இல் வெளிவந்தது. ஓராண்டில் மீண்டும் விழுந்தவர் தொகையில் இரு கூட்டத்தார்க்கும் தெளிவான வேறுபாடு இல்லை. தோல்வி என்று மறைக்காமல் அதை வெளியிட்டது அறிவியலுக்கு உரிய நேர்மை. வெளிநாட்டில் பயன் தந்த முறையை இந்நாட்டு முதியோர்க்கு அப்படியே பெயர்த்து வைத்தல் போதாது என்பதை அது உணர்த்தியது.

இவை அனைத்தையும் நிறுத்துப் பார்த்து 39 நாடுகளைச் சேர்ந்த 96 வல்லுநர் 2022 இல் உலக வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டனர். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டான் மாவ் பின் அதன் ஆசிரியருள் ஒருவர். வீட்டில் வாழும், மிதமான அளவுக்கு உட்பட்ட மறதி நோயுடையோர், விருப்பமும் இயலுமையும் இருப்பின் வீழ்ச்சியைத் தடுக்கும் பயிற்சியில் ஈடுபடலாம், ஈடுபடவேண்டும் என்பது அதன் பரிந்துரை. 'விருப்பமும் இயலுமையும் இருப்பின்' என்னும் வரையறையில்தான் இருபதாண்டு ஆராய்ச்சியின் பட்டறிவு அடங்கியிருக்கிறது.

உடல் மறவாதது

விருப்பமும் இயலுமையும் மறதியுற்றவரிடம் எங்ஙனம் எழும்? அதற்கு விளக்கம் தருவது நினைவாற்றலைப் பற்றிய பழைய ஆராய்ச்சி ஒன்று. 1953 இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்னும் இளைஞர்க்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்தனர். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. கனடா உளவியலறிஞர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் மட்டும் பார்த்து விண்மீன் வடிவத்தின் மேல் கோடிடும் பயிற்சியை அவர்க்கு மூன்று நாள் கொடுத்தார். ஒவ்வொரு நாளும், முன்பு செய்ததே இல்லை என்றார் அவர். கையோ நாளுக்கு நாள் திருந்தியது. நிகழ்ச்சியை நினைக்கும் ஆற்றல் வேறு, உடல் பழகும் ஆற்றல் வேறு என்பது அதனால் விளங்கியது. அல்சைமர் நோயிலும் முதலில் கெடுவது நிகழ்ச்சி நினைவு. நெடுநாள் பழகிய உடற்செயல் பெரும்பாலும் பிந்தியே கெடுகின்றது. காலையில் உண்டதை மறந்த பாட்டி கோலப்பொடியை எடுத்தால் இழை பிசகாமல் இடுவது இதனாலேயே.

ஆகவே, மறதியுற்றவர்க்குப் புதிய பயிற்சிகளைத் தாளில் எழுதிக் கொடுப்பதினும், அவர் உடல் முன்பே அறிந்ததை மீட்டெடுப்பது எளிது. ஒட்டாகோ முறையின் கூறுகளைத் தமிழர் வழக்கோடு ஒப்பிட்டால் வியப்புத் தோன்றும். முழங்காலை மடக்கி நிமிரும் பயிற்சி, பிள்ளையார் முன் இடும் தோப்புக்கரணத்துக்கு உறவு. குதிகால் விரல் தொட அடி வைக்கும் பயிற்சியோ, கோயிலை அடி மேல் அடி வைத்துச் சுற்றும் அடிப்பிரதட்சிணமேயாம். பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலும், கிள்ளானில் 1896 இல் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயிலிலும் பல்லாண்டு வலம் வந்த கால்கள் அந்நடையை அறியும். பத்துமலையின் 272 படிகளை ஆண்டுதோறும் ஏறிய முழங்கால்கள் படியேறும் முறையை அறியும். கும்மியடித்தவர்க்குப் பக்கவாட்டில் அடி எடுத்து வைத்தல் புதிதன்று.

இவ்வழக்கங்கள் வீழ்ச்சியைத் தடுக்கும் என்று ஆய்வு நிறுவிவிட்டதாகக் கொள்ளுதல் கூடாது. ஒட்டாகோ முறைக்கு உள்ள சான்று அவற்றுக்கு இல்லை. முழுத் தோப்புக்கரணம் தளர்ந்த முழங்காலுக்குத் தகாது. மேசையைப் பிடித்துக்கொண்டு பாதியளவு மடக்கினாலே போதும். அடிப்பிரதட்சிண நடையையும் ஒருவர் கையைப் பற்றியோ சுவரோரமாகவோ செய்தல் வேண்டும். எந்த அசைவு யாருக்கு ஆகும் என்பதை மருத்துவரோ இயன்முறைப் பயிற்சியாளரோ பார்த்துச் சொல்லுதல் நலம். ஆயினும், 'பயிற்சி செய்யுங்கள்' என்றால் முகந்திருப்பும் முதியவர், 'சாமி சுற்றலாம் வாங்க' என்றால் எழுவார் எனில், அந்த அழைப்பின் மதிப்பைக் குறைத்து எண்ணுதல் ஆகாது.

தண்டும் துணையும்

புறநானூற்றின் 243 ஆம் பாட்டைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் பிடித்த தலையுடைய ஊன்றுகோலை அப்பாட்டில் சொன்னமையால் அதுவே அவர்க்குப் பெயராயிற்று. மரக்கிளையிலிருந்து ஆழ்ந்த நீரில் குதித்த இளமையை, தண்டூன்றி இருமும் முதுமையில் நின்று அவர் நினைக்கின்றார். உடல் தளர்ந்தும் அவர்க்கு நினைவு தளரவில்லை. மறதி நோயுற்ற முதியவரின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. தண்டு அருகே இருந்தும் அதை ஊன்ற வேண்டும் என்பதே அவர்க்கு நினைவில் இல்லை. நினைவூட்ட ஒருவர் அருகில் இருந்தால்தான் தண்டும் தண்டாகும்.

ஹெல்சிங்கி ஆய்வில் பங்குகொண்ட அனைவரும் கணவரோடோ மனைவியோடோ வாழ்ந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. வாரந்தோறும் ஒருவர் வந்தார், வீட்டிலும் ஒருவர் இருந்தார், ஓராண்டு இடைவிடாமல் நடந்தது. மறதியுற்றவர் இழந்த நினைவை அவர்க்குப் பதிலாகப் பிறர் சுமந்தனர். 1997 இல் நிறுவப்பட்ட மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை பெட்டாலிங் ஜெயாவில் பகற் பராமரிப்பு நிலையம் அமைத்ததும் இத்துணையின் தேவையை உணர்ந்தே. ஆனால் எல்லா வீட்டாரும் நிலையத்தை நாட இயலாது. பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கவேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை அரியவை அல்ல. வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஒதுக்குதல், குளியலறைத் தரையை ஈரமின்றி வைத்துச் சுவரில் கைப்பிடி பொருத்துதல், கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவில் சிறு விளக்கெரிய விடுதல், உறக்க மாத்திரை தேவைதானா என மருத்துவரை வினவுதல், கண்ணில் புரை இருந்தால் நீக்குதல் ஆகியவை முதற் படி. 1999 இல் நியூசிலாந்தில் கேம்பெல் குழுவினர், உறக்க மருந்தும் மனநோய் மருந்தும் உண்ட முதியோர்க்கு அவற்றை மெல்ல மெல்லக் குறைத்தபோது வீழ்ச்சி 66 விழுக்காடு குறைந்தது. 2005 இல் நாட்டிங்காமில், கண்புரையை விரைந்து நீக்கப்பெற்ற மூதாட்டியர் விழுவது மூன்றிலொரு பங்கு குறைந்தது. இவற்றுக்கு மேல் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே ஆளோடு, ஒரே வழியில் நடையும் சிறு பயிற்சியும். நேரமும் ஆளும் வழியும் மாறாதிருந்தால் உடல் அதைப் பழகிக்கொள்ளும். நடக்கும்போது கேள்வி கேளாமல் உடன் நடத்தலே துணை.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் 1951 இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கத்தின் நிலையம் இருக்கின்றது. அங்குள்ள நடைபாதைகளில், பார்வையற்றவர் பாதத்தால் வழி அறியப் புடைத்த கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. கண் இழந்தவரை வீட்டில் உட்காரச் சொல்லாமல், அவர் நடப்பதற்கேற்பத் தெருவை மாற்றியமைத்த இடம் அது. நினைவு இழந்தவர்க்கும் அதுவே முறை. இந்தியரில் நூற்றுக்கு 24 பேர் விழுகின்றனர் என்னும் கணக்கைக் குறைக்க ஒரு மருத்துவமனையின் ஓராண்டு முயற்சி போதவில்லை. அம்முயற்சி வீட்டு வாசல் வரை வந்து நிற்கின்றது; அங்கிருந்து அதை எடுத்துச் செல்ல வேண்டியவர், 'உட்காருங்கம்மா' என்று இதுவரை சொல்லிவந்த பிள்ளைகளே. நாளை முதல் அவர் கையை நீட்டி, 'எழுந்திருங்கம்மா, பிடிச்சுக்குங்க, நடக்கலாம்' என்று சொல்லிப் பழகவேண்டும்.